பூட்டு என்ற ஒரு சொல்லும் பலேர்மோவின் தண்ணீர் வால்வும்

இத்தாலியின் பலேர்மோ நகரில் தண்ணீர்க் குழாய் வேலை செய்யும் ஈழத் தமிழர் இருவரும் வேலையிலிருந்து இடைநிறுத்தப்பட்டிருக்கிறார்கள், நீக்கப்படவில்லை. கடந்த செவ்வாய்க்கிழமை காலை 11.15 மணிக்கு, அவர்களுடைய தொழிற்சங்க அலுவலக ஊழியர் ரொசாலியா இதைத் தொலைபேசியில் எனக்கு உறுதிசெய்தார். ஒப்பந்த நிறுவனம் அனுப்பிய இரண்டு கடிதங்களின் படங்களையும் அனுப்பிவைத்தார். நான் அந்த ஊரைவிட்டுக் கிளம்பியபோது ஒரு கடிதம்தான் இருந்தது. இரண்டாவது எப்படி வந்தது என்பதைச் சொல்ல, பயணத்தை முதலிலிருந்து எழுத வேண்டும்.

சென்னை நாளிதழ் ஒன்றில் பல ஆண்டுகள் குடிநீர்ச் செய்திகளை எழுதியவன் நான். ஓய்வுக்குப் பிறகு, தண்ணீரை முறைவைத்து விடும் ஊர்களுக்குச் சொந்தச் செலவில் போய்வருகிறேன். பலேர்மோவுக்கு நவம்பர் இரண்டாம் வாரம் போனேன். ஞாயிறு முதல் சனி வரை ஏழு நாள். ஒரே ஒரு கருவியைப் பார்ப்பதுதான் திட்டம்: மின்சாரம் இல்லாமல், தண்ணீரின் விசையைக் கொண்டே அதன் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் வால்வு. அதைக் காட்டுவதாகச் சொன்னவர், அங்கே குழாய் வேலைக் குழு ஒன்றின் தலைமையாளான நேசன். வயது ஐம்பத்து நான்கு, யாழ்ப்பாணத்துக்காரர், இந்த ஊரில் இருபத்து மூன்று ஆண்டாக இருக்கிறார். என் பழைய சக ஊழியர் ஒருவருக்கு உறவு.

விமான நிலையத்திலிருந்து நகரம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். பேருந்துக் கட்டணம் ஆறரை யூரோ, ஐம்பது நிமிடம். பழைய நகரின் அல்பெர்கேரியா பகுதியில், மூன்றாம் மாடியில் ஓர் அறை, ஒரு நாளுக்கு 38 யூரோ. லிஃப்ட் இல்லை. நான் இறங்கும்போது மழை பெய்துகொண்டிருந்தது. வாரம் முழுவதும் பெய்தது. அறைக் கதவின் உள்பக்கம் வீட்டுக்காரர் ஒரு தாள் ஒட்டியிருந்தார்: திங்கள் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் நிறுத்தம், செவ்வாய் காலை ஆறு மணிக்குத் திறப்பு, அதுவரை மொட்டைமாடித் தொட்டியில் இருப்பதுதான். திங்கள் மாலை நாலரைக்குத் தொட்டி தீர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே சாக்கடை மூடியைத் தூக்கிக்கொண்டு மழைநீர் ஓட, உள்ளே குழாய் இருமியது. சென்னையில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பழகிய காட்சி என்பதால் அதன் வருத்தம் குறைந்துவிடவில்லை.

செவ்வாய் காலை 5.40க்கு நேசன் கீழே நின்றார். மழைச்சட்டை, ஒரு முழங்காலில் பட்டை.

“வாங்கோ அண்ணை. நித்திரை கொண்டனீங்களோ?”

“தூங்கினேங்க. தண்ணிதான் இல்ல.”

“நீங்கள் படத்திலை கதைக்கிற மாதிரியே கதைக்கிறியள்,” என்று சிரித்தார். அதற்குப் பிறகு அந்த வாரத்தில் அவர் சிரித்ததை இன்னும் ஒரு முறைதான் பார்த்தேன்.

பல்லாரோ சந்தையிலிருந்து மேற்கே நானூறு மீட்டர் நடந்தோம். கடைகளுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு சந்தில் புதிதாகப் பதித்த கல் ஐந்தாறு மீட்டர் நீளத்துக்கு நிறம் மாறித் தெரிந்தது. என்ன என்று கேட்டேன். “பைப் வெடிச்சது,” என்றார், நடையை நிறுத்தாமல்.

வால்வு இருப்பது தெருவுக்கு அடியில், ஆள் இறங்கி நிற்கும் ஆழமுள்ள கான்கிரீட் குழியில். இரும்பு மூடியைத் திறந்து ஓர் இத்தாலியர் இறங்கினார், வேலைக்குப் புதியவர். குழியருகே குடையோடு நின்ற தொழில்நுட்பர், என்னைத் தடுப்புக்கு வெளியே நிற்கச் சொல்லி அனுமதித்தார். அவரை இந்தக் கட்டுரையில் சல்வோ என்று அழைக்கிறேன். உண்மைப் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

கருவி எளிமையானது. பெரிய குழாயின் நடுவே குண்டான ஓர் இரும்பு உடல். அதன் தலைக்குள் தடித்த ரப்பர்த் தகடு. தகட்டுக்கு மேலே ஒரு சிறிய அறை. அந்த அறையில் தண்ணீர் நிறைந்தால் தகடு கீழே அழுந்தி வழி குறுகும். அறையிலிருந்து தண்ணீர் வடிந்தால் தகடு எழுந்து வழி அகலும். மேல்பக்கக் குழாயிலிருந்து விரல் தடிமன் செப்புக்குழாய் ஒன்று அறைக்குத் தண்ணீர் கொண்டுவருகிறது; இன்னொன்று அறையிலிருந்து கீழ்பக்கத்துக்கு வடித்துவிடுகிறது. அந்த வடிகுழாயில் அடுத்தடுத்து இரண்டு பித்தளைக் குமிழ்கள். முதலாவது, எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று பார்க்கும்; குழாய்க்குள் துளையிட்ட ஒரு தட்டு இருக்கிறது, ஓட்டம் கூடினால் அதன் இரு பக்கத்து அழுத்தத்துக்கும் வித்தியாசம் கூடும், அதுதான் அதற்குச் செய்தி. இரண்டாவது, ஊருக்குப் போகும் தண்ணீரின் அழுத்தத்தைப் பார்க்கும். இரண்டில் எது தன் அளவு தாண்டியது என்று கண்டாலும் வடிகாலைக் குறுக்கும். அறை நிறையும். பெரிய வால்வு இறங்கும்.

“ஒரு மருமகளுக்கு ரெண்டு மாமி மாதிரி அண்ணை,” என்றார் நேசன். “ரெண்டு பேரும் ஓம் எண்டால்தான் கதவு திறக்கும். ஒருத்தி ஏலாது எண்டால் காணும், அவ்வளவுதான்.”

ஏன் இரண்டு பேர் வேண்டும் என்பது அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் விளங்கியது. 6.10க்குத் தண்ணீரைத் திறந்தார்கள். ஒரு நாள் காய்ந்த பகுதி. எல்லா வீட்டுத் தொட்டிகளும் ஒரே நேரத்தில் வாய் திறந்து நின்றன. விட்டால் பள்ளத்தில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்வார்கள், மேட்டில் இருப்பவர்களுக்குக் காற்றுதான். அப்போது ஓட்டத்தைப் பார்க்கும் குமிழ் வால்வைப் பிடித்து வைத்தது. அழுத்தமானி 1.2 பார் காட்டியது. 7.20க்கு மேல் தொட்டிகள் நிறைந்து மிதவைகள் மூடத் தொடங்கின. ஓட்டம் குறைந்தது, முள் ஏறியது. 2.5இல் நின்றுவிட்டது. இப்போது அழுத்தத்தைப் பார்க்கும் குமிழின் முறை. அது இல்லையென்றால், ஊர் குடித்து முடித்த நேரத்தில் அழுத்தம் ஏறி, பழைய வார்ப்பிரும்புக் குழாய்கள் எங்காவது பிளக்கும். யாரும் எதையும் தொடவில்லை. அதை நான் பாராட்டிச் சொன்னபோது நேசன் குழிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில், நிறம் மாறிய கல்லருகே நின்று அவரே சொன்னார். மூன்று வாரத்துக்கு முன் அதே குழியில் சசிதரன் என்பவர் இருந்தார். முல்லைத்தீவுக்காரர், முப்பத்தொன்பது வயது, இரண்டு ஆண்டாக நேசனின் கீழ் வேலை. அழுத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள், அவர் கூட்டிவிட்டார். முள் 5.5 வரை போனது. இந்தச் சந்தில் குழாய் பிளந்து, ஒரு மளிகைக்காரரின் நிலவறையில் மாவு மூட்டைகள் மிதந்தன. மூன்று நாள் இந்தத் தெருக்களுக்குத் தண்ணீர் இல்லை. யாருக்கும் காயமில்லை. அறிவுறுத்தலை மூன்று முறை மீறினார் என்று குற்றம் சாட்டி, வேலையிலிருந்து இடைநிறுத்தும் கடிதம் திங்கட்கிழமை அவர் கைக்கு வந்திருக்கிறது. பதில் சொல்ல ஐந்து நாள்.

“மூண்டு தரம் மீறினாரா? ஏன்?”

“அவனைத்தான் கேக்க வேணும். நான் சொன்னதை எழுதிக் குடுத்திட்டன். பொய் ஒண்டும் எழுதேல்லை.”

சசிதரன் பல்லாரோவில் சந்திக்க விரும்பவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் கேள்வி கேட்கிறார்களாம். புதன்கிழமை 806ஆம் எண் பேருந்தில் மொண்டெல்லோ போனேன். பதினோரு கிலோமீட்டர், நாற்பது நிமிடம், ஒன்று நாற்பது யூரோ. கோடையில் கால் வைக்க இடமில்லாத கடற்கரை என்பார்கள். நவம்பரில் மணல் ஈரமாகக் கிடந்தது. உணவகங்களின் நாற்காலிகள் சங்கிலியில் கட்டிக் கிடந்தன. ஒரே ஒரு காபிக்கடை திறந்திருந்தது. சசிதரன் அதன் பந்தலின் கீழ் நின்றார். கோடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுவாராம். ஏதாவது வேலை கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்க வந்ததாகச் சொன்னார். இல்லை என்றுவிட்டார்கள்.

“அண்டைக்கு என்ன நடந்ததுன்னு சொல்லுங்க,” என்றேன். என் வாயில் இரண்டு தமிழும் கலந்தது.

“நேசண்ணைக்குக் கால் ஏலாது. வழமையா அவர்தான் இறங்கிறவர். நான் மேலை நிண்டு சாமான் எடுத்துக் குடுப்பன். அண்டைக்கு என்னை இறங்கு எண்டார். சல்வோ இத்தாலியன்லை சொல்ல, அண்ணை எனக்குத் தமிழிலை சொன்னவர். பூட்டு எண்டார். ஆணியைப் பூட்டினன்.”

“எந்தப் பக்கம்?”

அவர் வலக்கையை வலப்பக்கமாகத் திருகிக் காட்டினார். “பூட்டிறது எண்டால் இந்தப் பக்கம்தானே ஐயா? முள்ளு ஏறுது. ஏறுது அண்ணை எண்டு கத்தினன். அவர் சல்வோவிட்டைச் சொல்லிப்போட்டு, பூட்டடா, கெதியாப் பூட்டடா எண்டார். நான் இன்னும் இறுக்கிப் பூட்டினன்.”

இங்கே தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு விளக்கம் தேவை. நாம் கதவைப் பூட்டுவோம், ஏரில் மாட்டைப் பூட்டுவோம். குழாயை மூடுவோம், திருகாணியை முடுக்குவோம். யாழ்ப்பாணத்தார், வன்னியார் பேச்சில் குழாயை மூடுவதும் பூட்டுவதுதான், ஆணியை முடுக்குவதும் பூட்டுவதுதான். சாதாரணக் குழாயில் இதனால் ஆபத்தில்லை. வலப்பக்கம் திருகினால் ஆணியும் இறங்கும், தண்ணீரும் நிற்கும். இரண்டு ஆண்டும் சசிதரன் திருகிய பெரிய வால்வுகள் அப்படித்தான். அழுத்தத்தைப் பார்க்கும் பித்தளைக் குமிழ் மட்டும் எதிர்மாறு. அதன் ஆணி ஒரு சுருள்வில்லை அழுத்துகிறது. ஆணியை முடுக்க முடுக்க வில் விறைக்கும்; ஊர்ப்பக்க அழுத்தம் இன்னும் ஏறினால்தான் குமிழ் வடிகாலைக் குறுக்கும். முடுக்கினால் கூடும், தளர்த்தினால் குறையும். நேசன் தண்ணீரைப் பூட்டச் சொன்னார். சசிதரன் ஆணியைப் பூட்டினார். இருவருக்கும் சொல் ஒன்றுதான்.

“இதைக் கடிதத்துக்குப் பதிலா எழுதலாமே,” என்றேன்.

“எழுதினால்? நேசண்ணை தான் கியூதி, மூடு எண்டு சொன்னதா இத்தாலியன்லை எழுதிக் குடுத்திட்டார். அவர் தலைமையாள். அவரின்ர சொல்லுக்கு முன்னாலை என்ர சொல் நிக்குமே?” கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “மனுசியையும் மகளையும் பாத்து நாலு வரியம். மகளுக்கு இப்ப ஒன்பது வயசு. கூப்பிடுறதுக்குக் கடுதாசி எல்லாம் போட்டிட்டன். வேலைக் கடிதம் மட்டும்தான் இல்லை.”

விவரம் இதுதான். வேலை போனால் அவரை உடனே நாட்டைவிட்டு அனுப்பிவிட மாட்டார்கள். பெர்மெஸ்ஸோ எனும் வதிவிட அனுமதியில் வேலை தேட அவகாசம் கொடுப்பார்கள். ஆனால் வருமானம் காட்ட முடியாதவர் குடும்பத்தை அழைக்க முடியாது. மனுவை ஏற்கும் நாளில், முதலாளி ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்த கடிதம் கையில் இருக்க வேண்டும். விசாரணை முடியும்வரை அந்தக் கடிதம் தர இயலாது என்று நிறுவனம் சொல்லிவிட்டது.

வியாழக்கிழமை பகேரியா போனேன். மத்திய நிலையத்திலிருந்து ரயிலில் பதினைந்து நிமிடம், இரண்டு எண்பது யூரோ. பழைய மாளிகைகளைப் பார்க்க வருபவர்கள் காலையில் வர வேண்டும். மாலை ஐந்துக்கு எல்லாம் இருட்டு. சல்வோவின் வீடு நிலையத்துக்கு அருகில். மால்டாவில் நான்கு ஆண்டு வேலை செய்தவர், ஆங்கிலம் பேசுவார். தான் மூடு என்றுதான் சொன்னதாகவும், அது தவறில்லை என்றும் சொன்னார். பிறகு, நான் கேட்காமலே, இன்னொன்றும் சொன்னார். குமிழின் தலையில் எந்தப் பக்கம் திருகினால் கூடும் என்று அம்புக்குறி போட்ட சிறிய தகடு உண்டு. கோடையில் துருவுக்கு நீலப் பெயிண்ட் அடித்தவர்கள் அதன் மேலும் அடித்துவிட்டார்கள். தனக்கு அது தெரியும்.

இதைச் சொல்வீர்களா என்று கேட்டேன். விசாரிக்க வரும் பொறியாளர் கேட்டால் சொல்வதாகச் சொன்னார். கேட்காவிட்டால் என்றேன். காபிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அன்று மாலை நேசனைச் சந்தித்து, மொண்டெல்லோவில் கேட்டதை அப்படியே சொன்னேன். “ஓம், பூட்டெண்டுதான் சொன்னனான். அதுதானே கியூதி?” என்றார். அதே சொல்தான் ஆணியை முடுக்கவும் என்று நான் சொன்னதும் பேச்சை முடித்துக்கொண்டார். “நீங்கள் நாளையிண்டைக்குப் போயிடுவியள் அண்ணை. நான் இஞ்சை இருக்க வேணும்.”

வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்கு சசிதரன் தொழிற்சங்க அலுவலகத்தில் பதில் கடிதம் கொடுக்க வேண்டும்; நானும் உடன் போனேன். இரண்டாம் மாடி, ஒரு மேசை, சுவரில் ஈரம் ஊறிய நாட்காட்டி. சசிதரனுக்கு மொழிபெயர்க்க ஓர் ஆள் வருவதாக இருந்தது, வரவில்லை. 3.25க்கு நேசன் வந்தார், முழங்காலைப் பிடித்தபடி. யாரும் அவரை அழைக்கவில்லை.

ரொசாலியா அவரை உட்காரவைத்து, அன்று என்ன சொன்னீர்கள் என்று இத்தாலியனில் கேட்டார். கியூதி என்றார். இல்லை, உங்கள் மொழியில் என்ன சொல் வந்தது என்றார் அவர். நேசன் சசிதரனைத் திரும்பிப் பார்த்தார்.

“பூட்டு.”

ரொசாலியா சசிதரனைப் பார்த்து, ஒரு திருகாணியை உள்ளே இறக்க என்ன சொல்வீர்கள் என்று விரலால் திருகிக் காட்டினார். சசிதரன் தலையைக் குனிந்தபடி அதே சொல்லைச் சொன்னார்.

நேசன் வெடித்துச் சிரித்துவிட்டார். “டேய், உனக்கு அந்த ஒரு சொல்லை விட்டால் வேறை தமிழ் தெரியாதே?”

“உங்களுக்கும்தான் அண்ணை. கழட்டு எண்டு ஒரு சொல் கிடந்ததே. அதைச் சொல்லியிருக்கலாமெல்லோ?”

“முள்ளு ஏறேக்கை எனக்கு எங்கையடா தமிழ் வந்தது.”

ரொசாலியாவும் புரியாமல் சிரித்தார். சிரிப்பு அடங்கியபின் அவர் எச்சரித்தார்: இதை எழுதினால், அறிவுறுத்தல் தெளிவாக இல்லை என்று நீங்களே ஒப்புக்கொள்வதாக ஆகும், அடுத்த கடிதம் உங்களுக்கு வரலாம். நேசன் அதை எனக்குத் தமிழில் சொன்னார், நான் ஏதாவது சொல்வேன் என்பதுபோல. அவர் பேனாவை வாங்கினார். அந்தச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி, அதன் கீழே இரண்டு இத்தாலியப் பொருளையும் எழுதி, கையெழுத்திட்டார்.

“இதுவும் நான் சொன்னதுதானே. முந்தி எழுதினது பாதி,” என்றார்.

மாடிப்படியில் சசிதரன் அவருடைய முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டார். அடுத்த திங்களே நேசனுக்கும் இடைநிறுத்தக் கடிதம் போனது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். அறை எடுக்கும்போது வைஃபையைக் கேட்பதற்கு முன், அந்தத் தெருவின் தண்ணீர் நாள் எது, தொட்டி உண்டா, அதை எத்தனை வீடு பகிர்கிறது என்று கேளுங்கள். தண்ணீர் நிற்கும் நாளுக்கு முந்தைய மாலை ஒரு வாளி பிடித்துவையுங்கள். தண்ணீர் திறந்த முதல் கால் மணி நேரம் கலங்கலாக வரும், குடிக்கக் கூடாது. பழைய நகரத்துக்குள் நடைதான். தேய்ந்த கற்கள் மழையில் வழுக்கும், பிடிப்புள்ள செருப்பு வேண்டும். நவம்பரில் மொண்டெல்லோவுக்குக் கடல் பார்க்க மட்டும் போகலாம், சாப்பிட அல்ல. தெருவில் தமிழ் கேட்டால் நின்று பேசுங்கள். ஆனால் நாம் பேசும் தமிழும் அவர்கள் பேசும் தமிழும் ஒன்றுதான் என்று எண்ணிவிடாதீர்கள். வேலை விஷயமாக ஏதாவது சொல்ல வேண்டி வந்தால், ஒரு சொல்லோடு நிறுத்தாமல் கையாலும் காட்டுங்கள்.

இதை எழுதும் நாளில் நிலைமை இது. வெளியிலிருந்து வந்த பொறியாளர் குழியை ஒருமுறை பார்த்துவிட்டார். குமிழைக் கழற்றி எடுத்துப்போயிருக்கிறார். பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தாரா என்பது தெரியவில்லை. சல்வோவிடம் இன்னும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அறிக்கை ஜனவரி 30ஆம் தேதிக்குள் வரும், அதன் பிறகே இருவரின் வேலையும் முடிவாகும் என்று நிறுவனத்தின் கடிதம் சொல்கிறது. சசிதரனின் குடும்ப மனுவுக்குக் கொடுத்திருக்கும் நாள் ஜனவரி 14, காலை 8.40. அந்த நாளைத் தள்ளிவைக்கக் கேட்டு ரொசாலியா மனு கொடுத்திருக்கிறார். அதற்கான பதில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் வர வேண்டும்.